பதினோரு மாதம், ஒரு ஈ

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கே சிங்கப்பூரில், மார்சிலிங் பக்கம் இன்னும் அவருடைய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், எதற்கு வீண் வம்பு. ஆபீசில் முதலாளி அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘மிஸ்டர் பார்க்கலாம்’. எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பார். முடியாது என்று சொல்ல மாட்டார், சரி என்றும் சொல்லித் தொலைக்க மாட்டார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. அந்த மனிதர் ஒரு ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவாரா மாட்டாரா என்று ஏறக்குறைய ஒரு வருடம் காத்துக்கொண்டிருந்தேன். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தனை வருடம் கழித்து அவர் ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் நாத்தனார் மகள். கட்டம் கட்டமாக, பழைய வீடியோ கேம் மாதிரி படம் வரைவது இப்போது பிள்ளைகளிடம் பெரிய மோகமாம். அதற்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஒன்றை எடுத்து வரைய ஆரம்பியேன் என்றேன். ‘அப்படியெல்லாம் சட்டுனு முடிவு பண்ண முடியாது அத்தை’ என்றாள். அப்படியே அவர் பேசுகிற மாதிரி இருந்தது.

எண்பதுகளின் நடுவில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மசாலா அரைக்கும் மில்லுக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். மிளகாய் அரைக்கிற நாளில் மூன்று பேரும் தும்முவோம், கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்துவோம். மூன்று பேர் என்றால் முதலாளி, நான், அவர். முதலாளி பள்ளிப் பாடப்புத்தகம் விற்றுக்கொண்டிருந்தவர். இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று யாரோ சொன்னதை நம்பிப் புத்தகக் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தார். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தரும் விளையாட்டு ஒன்று செய்வதாகத் திட்டம். அ முதல் ஔ வரை பன்னிரண்டு எழுத்து, பன்னிரண்டு படம். அம்மா, ஆடு, இலை, ஈ என்று போகும். புரோகிராம் எழுதுவது என் வேலை. படம் அவர் வேலை.

அவர் அதற்கு முன்னால் அச்சகத்தில் இருந்தவர். கை அப்படி ஒரு கை. கம்ப்யூட்டரில் படம் என்றால் அப்போது வெறும் புள்ளிகள்தான். அதுவும் நாங்கள் வைத்திருந்தது வெளிநாட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்துச் செய்த மலிவு நகல். அதில் மொத்தமே ஆறு நிறம். ஒரு புள்ளி எந்த வரிசையில் நிற்கிறது என்பதைப் பொறுத்து நிறமே மாறிவிடும். பச்சைப் புள்ளியை ஒரு கட்டம் தள்ளி வைத்தால் ஊதாவாகிவிடும். நான் அதைப் பார்த்து மெஷின் கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். அவர் ஒரு கணக்கு நோட்டில் கட்டம் போட்டு, எந்த வரிசையில் எந்த நிறம் நிற்கும் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். அவரிடம் எனக்குப் பிடித்துப்போனது அந்த இரண்டு நாளில்தான். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒரு புள்ளியை அழித்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பிறகு திரும்பி, ‘இப்ப பாருங்க’ என்பார். ஒரு புள்ளி குறைந்ததில், சோதனைக்கு வரைந்த ஆடு உயிரோடு நிற்கும்.

அவ்வளவு திறமை உள்ள மனிதர், வரைவதற்கு சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முதலாளி சொன்ன நாளிலிருந்து விளையாட்டுக்கான படம் வரைவதையே நிறுத்திவிட்டார்.

அப்போதெல்லாம் சாஃப்ட்வேர் என்றால் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் காம்ப்ளெக்ஸில் மாடி ஏறிப் போய், பெயரைச் சொல்லி, டிஸ்க்கில் நகல் எடுத்து வருவதுதான். கூடவே ஜெராக்ஸ் எடுத்த ஒரு கையேடும் தருவார்கள், பாதிப் பக்கம் சாய்ந்திருக்கும். அவர் ஐந்து வாங்கி வந்தார். ஒன்றில் ஜாய்ஸ்டிக்கை அசைத்து வரைய வேண்டும், கை கொஞ்சம் நடுங்கினால் கோடு கோணும். ஒன்றில் பெயின்ட் ஊற்றும் வசதி இருந்தது. ஆனால் ஓரக்கோட்டில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால் போதும், நிறம் அந்த ஓட்டை வழியாக வெளியே கசிந்து திரை முழுக்கப் பரவிவிடும், திரும்பப் பெறவே முடியாது. ஒன்றில் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு புள்ளியாகத் தொட முடியும், ஆனால் சேமிக்க ஒரு யுகம் ஆகும். இப்படி ஒவ்வொன்றிலும் ஒரு நொள்ளை. ஒன்றில் வரைந்ததை இன்னொன்றில் திறக்கவும் முடியாது. அதுதான் அவரை ஆட்டிவைத்தது. ஒன்றைப் பிடித்து ஆரம்பித்துவிட்டால் கடைசி வரைக்கும் அதோடுதான் போக வேண்டும் என்பார்.

ஐந்தையும் சோதிக்க அவர் எடுத்துக்கொண்டது ஈ. பன்னிரண்டு படத்தில் அதுதான் ரொம்பச் சின்னது. ஈ சரியாக வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று அவர் சொன்ன காரணம் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. முதல் மாதம் ஐந்து ஈ. பிறகு ஒவ்வொன்றிலும் சிறகை வேறு மாதிரி, காலை வேறு மாதிரி. ஐந்தாம் மாதம் டிஸ்க் பெட்டியைத் திறந்தால் ஈ ஈயாக இருந்தது. அம்மா இல்லை, ஆட்டைக் காணோம். முதலாளி தினமும் காலையில் மாடிப்படி ஏறும்போதே இன்றைக்கு ஈ ஓட்டுகிறோமா, எறும்பு ஓட்டுகிறோமா என்று கேட்டுக்கொண்டே வருவார். மிஸ்டர் பார்க்கலாம் கோபப்பட மாட்டார். ஜெராக்ஸ் கையேட்டில் ஒரு பக்கத்தைக் காட்டி, இந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டால் முடிந்தது என்பார்.

மதியம் தேக்கா மார்க்கெட்டில் சாப்பிடப் போவோம். நான் வழக்கமான கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் சொல்லி உட்கார்ந்துவிடுவேன். அவர் ஒவ்வொரு கடையாகப் போய், தட்டுத் தட்டாகப் பார்த்து, மீன் எப்போது பொரித்தது, குழம்பில் புளி எவ்வளவு என்று மரியாதையாக விசாரித்துக்கொண்டு வருவார். ஒரு கடைக்காரர் அவரைப் பார்த்ததும், ‘வாங்க சார், இன்னிக்கு என்ன வேண்டாம்?’ என்று கேட்பார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். அவர் தட்டோடு வந்து உட்காரும்போது நான் டீயே குடித்து முடித்திருப்பேன். ஆரம்பத்தில் இதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிடித்தவரின் கிறுக்குத்தனம் கொஞ்ச நாளைக்கு அழகாகத்தான் இருக்கும்.

எங்கள் காலத்தில் சிங்கப்பூரில் யாரும் பூ நீட்டிக் காதல் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. ‘ஃப்ளாட்டுக்கு அப்ளை பண்ணலாமா?’ என்பார்கள். அதுதான் காதல், அதுதான் நிச்சயதார்த்தம். இரண்டு பேர் பெயரையும் போட்டு அரசாங்க வீட்டுக்குப் பதிந்துவிட்டால் பிறகு வீட்டில் சொல்வது, தேதி குறிப்பது எல்லாம் தானாக நடக்கும். அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. வெட்கத்தை விட்டு நானே போய் ஃபாரம் வாங்கி வந்தேன். என் பகுதியை நிரப்பிக் கையெழுத்தும் போட்டு அவர் மேசையில் வைத்தேன். அவர் முகமெல்லாம் சந்தோஷம், அதில் பொய்யில்லை. பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ‘எந்த ஏரியான்னு பார்க்கலாம்’ என்றார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஏரியா பார்த்தோம். ஈசூன், தெம்பனிஸ், புக்கிட் பாத்தோக். பாதி இடங்களில் புல்டோசர் இன்னும் நின்றுகொண்டிருக்கும். அவர் கட்டி முடித்த அடுக்குமாடி புளோக்குகளின் கீழே நின்று, மதியம் வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, லிஃப்ட் எந்தெந்த மாடியில் நிற்கிறது, மார்க்கெட்டுக்கு எத்தனை நிமிஷம் நடை என்றெல்லாம் நோட்டில் எழுதுவார். எனக்குத் துருவிய ஐஸில் கலர் சிரப் ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கித் தருவார். அவருக்கு வாங்கிக்கொள்ள மாட்டார், எது வேண்டும் என்று தெரியாது. சில ஞாயிறு, அம்மாவோடு ஓரிடத்துக்குப் போக வேண்டும் என்பார். நான் பிடோக்கில் எங்கள் வீட்டிலேயே இருந்து, என் அம்மா முகத்தைப் பார்க்காமல் துணி மடிப்பேன். அம்மா வாயைத் திறந்து எதுவும் கேட்டதில்லை. ஆனால் நான் போன் பக்கம் நடந்தால் டிவி சத்தத்தைக் குறைப்பாள். எனக்கு அவமானமாக இருந்தது. பக்கத்து வீட்டில் என்னைவிட நாலு வயது சின்னவளுக்கு ஃப்ளாட் சாவியே கிடைத்துவிட்டது.

ஒரு ஞாயிறு ஈசூனிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் சண்டை போட்டேன். சண்டை என்றால் நான் மட்டும் போட்டேன். ஒரு கையெழுத்துக்கு இத்தனை மாதமா, என்னைப் பிடிக்கவில்லையென்றால் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் தன்னுடைய அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவருக்கு ஆறு வயதானபோது அப்பா ஒரு நாள் காலையில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து, வழியில் முதலில் வந்த தமிழ்ப் பள்ளியில் சேர்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம். விசாரிக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. தம்பிக்கு ஆறு வயது ஆவதற்குள் குடும்பம் வீடு மாறியிருந்தது. அங்கே பக்கத்தில் இருந்தது ஆங்கிலப் பள்ளி. தம்பி பேங்கில் ஆபீசர் ஆனார். இவர் வேலை தேடிப் போன இடமெல்லாம் ஃபாரம் ஆங்கிலத்தில் இருந்தது. இவர் படித்த பள்ளியையே பிறகு மூடிவிட்டார்கள்.

‘எங்கப்பா கெட்டவர் இல்ல. அரை மணி நேரத்துல முடிவு பண்ணிட்டாரு, அவ்வளவுதான்’ என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், நான் இருக்கிறேன் என்று மனதார நினைத்தேன். அன்றைக்கு அவர்மேல் இருந்த பாசம் இப்போதும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

பதினோராவது மாதம் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. பாலர் பள்ளிக்காரர்கள் அடுத்த மாதம் பார்க்க வருகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் எந்த சாஃப்ட்வேர் என்று சொல்லாவிட்டால் நானே கண்ணை மூடிக்கொண்டு ஒரு டிஸ்க்கை எடுப்பேன் என்றார். மிஸ்டர் பார்க்கலாம் வியாழன் இரவு கடைசி ஆளாகக் கிளம்பினார். வெள்ளிக்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை. மேசைமேல் ஒரே ஒரு டிஸ்க். அது எது என்று பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் வாரம் வாங்கி வந்தது, முதலில் ஈ வரைந்து பார்த்தது.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். ‘இதைத்தானேய்யா அப்பவே வச்சிருந்தே?’ என்றார். அவர் கொஞ்சமும் அசரவில்லை. மற்ற நாலையும் பார்த்ததால்தான் இது சரி என்று தெரிந்தது, பார்க்காமல் இருந்திருந்தால் தினமும் சந்தேகத்தோடு வரைந்துகொண்டிருப்பேன் என்றார். சொன்னது மட்டுமில்லை, அன்றைக்கே ஆரம்பித்து ஒன்பதே நாளில் பன்னிரண்டு படத்தையும் வரைந்து முடித்தார். ஒரு இடத்தில் கை தயங்கவில்லை. ஊஞ்சலில் ஒரு பெண் குழந்தை, இருபது புள்ளி இருக்குமா, அதன் பாவாடை காற்றில் பறந்தது. பாலர் பள்ளிக்காரர்கள் இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்கள். முதலாளி எங்களுக்கு பிரியாணி வாங்கித் தந்தார். நான் என்ன நினைத்தேன் என்று சொல்ல வேண்டுமா? இந்த மனிதர் முடிவெடுப்பார், லேசில் எடுக்க மாட்டார், எடுத்தால் மாற மாட்டார் என்று நினைத்தேன். அடுத்தது என் ஃபாரம்தான் என்று இருந்தேன்.

அப்படியேதான் நடந்தது. இரண்டு வாரம் கழித்து, தேக்காவில், நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு எந்தக் கடையையும் சுற்றவில்லை. பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து, மேசை ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வைத்தார். அவர் பகுதி முழுக்க நிரப்பியிருந்தது. கீழே கையெழுத்து.

‘பிடோக் போட்டிருக்கேன். உங்கம்மா வீட்டுக்குப் பக்கம்’ என்றார்.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது, எந்தப் புடவை கட்டுவது என்று அதற்குள் என் மனசு ஓடியது. அவர் சிரித்துக்கொண்டே, இனி எனக்குத் துளி சந்தேகமில்லை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்றார். ஏரியாக்களைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவர் மேலே சொல்லிக்கொண்டே போனார். இந்த ஒரு வருடத்தில் அவருடைய அம்மா நாலு பெண்களைக் காட்டினாராம். ஒருத்தி மலேசியாவில் ஜொகூர், இரண்டு பேர் இங்கேயே, ஒருத்தி தமிழ்நாட்டிலிருந்து தன் அக்கா வீட்டுக்கு வந்திருந்தவள். நாலு பேர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து, பலகாரம் சாப்பிட்டு, பேசிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அம்மா மனசு நோகக்கூடாது என்பதற்காகப் போனீர்களா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

‘அதுக்காகப் போகல. உண்மையாவே பார்க்கணும்னுதான் போனேன். நாலு பேரையும் பார்த்துட்டேன். நீதான்’ என்றார்.

அவருக்குத் தெரிந்த பெரிய பாராட்டு அதுதான். அது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் துணி மடித்த ஞாயிறுகள் ஒவ்வொன்றும் கண்ணில் வந்தன.

‘அந்த நாலு பேர்ல ஒருத்தியைப் பிடிச்சிருந்தா?’ என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். சட்டென்று மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. நெற்றியைச் சுருக்கி, நியாயமாக, ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்க்கிற மாதிரி யோசித்தார். பிறகு, ‘பிடிச்சிருந்தா முதல்ல உங்கிட்டதான் வந்து சொல்லியிருப்பேன்’ என்றார்.

‘எனக்கு வேண்டாம்’ என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. எது வேண்டாம், பிடோக்கா என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். ஃபாரத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பயந்துபோனார். நான் பார்க்காமல் ரோட்டில் காலை வைத்துவிட்ட மாதிரி என் கையைப் பிடித்தார்.

‘அவசரப்படாதே லா. ஒரு நாள் எடுத்துக்க. ஒரே ஒரு நாள் யோசிச்சுட்டு சொல்லு’ என்று கெஞ்சினார்.

‘யோசிக்க ஒண்ணுமில்ல’ என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். டீ பாதி அப்படியே இருந்தது. நான் முடிவெடுக்க அரை நிமிஷம் ஆகியிருக்குமா, தெரியாது.

அடுத்த மாதமே வேறு ஆபீசுக்கு மாறினேன். ஒரு வருடம் கழித்து முதலாளியை பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது, நம்ம மிஸ்டர் பார்க்கலாம் ஆளே மாறிட்டாரும்மா என்று சிரித்தார். தூரத்துச் சொந்தத்தில் யாரோ ஒரு பெண்ணைக் காட்டினார்களாம். வீட்டுக்குள் நுழைந்து, தண்ணீர் குடிப்பதற்குள், சரி என்றுவிட்டாராம். அவருடைய அம்மாவே இன்னொரு தடவை யோசி என்றாராம், கேட்கவில்லையாம். முதலாளி அதை ஒரு நல்ல செய்தியாகத்தான் சொன்னார். வந்த பஸ் எது என்று பார்க்காமல் ஏறி, இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினேன்.

அந்தக் கல்யாணம் இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. யார் மேல் தப்பு என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கிற உரிமையும் எனக்கில்லை. எனக்கு நல்லபடியாகக் கல்யாணமாகி, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். அன்றைக்கு நான் வேண்டாம் என்றது சரிதான். இன்றைக்கு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த மனிதர் என்னிடம் கெஞ்சிக் கேட்டது ஒரே ஒரு நாள். அதை எடுத்துக்கொண்டு, மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாம்.